காற்று சொல்லாத வீடு

சிங்கி இறால் பருவம் தொடங்கிவிட்டால் கொர்போ முனையில் காலை நாலரை மணிக்கு ஒரே ஒரு வீட்டில்தான் தொலைபேசி அடிக்கும். முதல் மணி முடிவதற்குள் யூலிஸ் சூரெட் எடுத்துவிடுவார். "வீடு என்ன சொல்லுது?" என்று ஏதாவதொரு படகுக்காரரின் குரல் கேட்கும். யூலிஸ் படுத்தபடியே பதில் சொல்வார். அந்தப் பதிலை வைத்துத்தான் எட்டுப் படகுகள் அன்றைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவாகும்.

வானொலியில் வானிலை அறிக்கை வராமலில்லை. ஆனால் அது தென்கரை மொத்தத்துக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடும். எங்கள் படகுத்துறை முனைக்கு உள்பக்கம், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. அங்கே நின்று நிதானமாக சிகரெட் பற்ற வைக்கலாம். அதே நேரத்தில் முனைக்கு வெளியே வடமேற்குக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருக்கும். முனையின் நுனியில் காற்றுக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பது சூரெட் வீடு மட்டும்தான். மாடியில் வடமேற்கு அறை ஜன்னல் முணுமுணுத்தால் காற்று மணிக்கு இருபது மைல். பாடினால் முப்பது. பரண் கதவின் கொக்கி தட்ட ஆரம்பித்தால் நாற்பது, எல்லோரும் திரும்பப் படுத்துக்கொள்ளலாம். நாற்பத்தொரு வருஷமாக யூலிஸ் சொன்னது ஒருநாளும் பிசகியதில்லை. அந்த அறையில்தான் அவர் பத்தொன்பது வயதிலிருந்து படுக்கிறார். வீட்டிலேயே அதிகமாகக் குளிரும் அறை அதுதான். ஜனவரியில் கட்டிலோரத்துத் தண்ணீர் டம்ளர் உறைந்துபோகும். ஆனாலும் அவர் அறை மாறவில்லை. படகுத் தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று துறையில் பேசிக்கொள்வார்கள்.

அந்த வீட்டின் வாயைத்தான் அவர் தங்கை தெலிமா அடைத்தாள்.

தெலிமாவுக்கு ஐம்பத்து நாலு வயது. மீன் பதனத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் இறால் ஓடு உடைத்தவள். தொழிற்சாலையை மூடியபோது கூட வேலை செய்த பெண்களெல்லாம் முதியோர் இல்ல வேலைக்குப் போனார்கள். இவள் பக்கத்து நகரமான யார்மவுத்தில் தச்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் இருபது வயது. ஆசிரியரே இவளைவிட ஒன்பது வயது சின்னவர். முதல் நாள் ஒருவன் மரியாதையாக, "சமையல் வகுப்பு அடுத்த கட்டடம்மா" என்று வழி காட்டினான். கடைசித் தேர்வில் அவன் மூன்றாவது, தெலிமா முதல். இதை அவள் தானாக யாரிடமும் சொல்வதில்லை. யாராவது கேட்கும்படி பேச்சைத் திருப்ப அவளுக்குத் தெரியும்.

அண்ணனும் தங்கையும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். யூலிஸின் மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. தெலிமா கல்யாணம் என்ற பேச்சையே பக்கத்தில் அண்டவிட்டதில்லை. வீடு யூலிஸ் பேரில் இருந்தது. கொள்ளுத்தாத்தா 1911இல், கரை தட்டிய கப்பலின் பலகைகளை வைத்துக் கட்டியது. பார்க்க ராஜா வீடுதான். உள்ளே இருப்பவர்களுக்கல்லவா தெரியும்! எங்கள் கரையில் நவம்பர் வந்தால் வீட்டுக்குப் பாவாடை கட்டுவது வழக்கம். ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லை அள்ளி வந்து அஸ்திவாரத்தைச் சுற்றி இடுப்பளவு குவித்து, மேலே ஸ்ப்ரூஸ் கிளைகளைப் போட்டு அமுக்குவோம். சூரெட் வீட்டுக்கு இரட்டைப் பாவாடை கட்டினாலும் மேஜை விரிப்பு தானாக ஆடும். குளித்துவிட்டு வருகிறவர்கள் ஓடித்தான் வரவேண்டும். ஆறு லோடு விறகையும் இரண்டு தொட்டி எண்ணெயையும் தின்றுவிட்டு, அடுப்பைச் சுற்றி நாலடிக்கு மட்டும் சூடு கொடுக்கும்.

போன வருஷம் மார்ச்சில் யூலிஸுக்கு அலுத்துவிட்டது. முழங்கால் வேறு மடங்க மாட்டேன் என்றதால் கடலுக்குப் போவதை விட்டிருந்தார். தொரொண்டோவிலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியது முனை, வீடு இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடியாலேயே ஒன்று கட்டி, ஜூலையில் மூன்று வாரம் வந்து தங்குவார்களாம். முனைச் சாலையில் அந்த மாதிரி ஏற்கனவே ஏழு வீடுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் ஒன்றிலும் விளக்கு எரியாது.

"எனக்குப் போதும் தெலிமா" என்றார் யூலிஸ். "யார்மவுத்துல லிஃப்ட் வெச்ச ஃபிளாட் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். சுவத்துல ஒரு பொத்தான அமுக்கினா சூடு வருது. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு."

"இத இடிச்சிடுவாங்கண்ணா."

"இடிக்கட்டும். நான் முந்திக்கிட்டு இடிக்காததுதான் அதிசயம்."

"ஒரு வருஷம் குடு. நான் சரி பண்ணிக் காட்டறேன்."

"அப்படி என்னத்தக் கிழிக்கப் போறே?"

"கிழிக்கத்தான் போறேன். சுவரெல்லாம் கிழிச்சு மறுபடி தைக்கப் போறேன்."

யூலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவர் செய்த தவறு. சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். எனக்குப் பிடிக்கலேன்னா கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் நீ மூக்கச் சிந்தக் கூடாது" என்று சொல்லி, தொரொண்டோக்காரர்களின் பத்திரத்தைக் கரண்டி இழுப்பறையில் போட்டார்.

ஏப்ரலில் தெலிமா முதல் பலகையைப் பெயர்த்தாள். சுவருக்குள்ளே கொள்ளுத்தாத்தா கடற்புல்லை அடைத்து வைத்திருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் காய்ந்த வைக்கோலாட்டம் இருந்தது. அழுகவில்லை, எலி தொடவில்லை. பார்க்க வந்த தச்சு ஆசிரியர், "தூக்கிப் போட்டுட்டுப் பஞ்சு அடைங்க" என்றார். தெலிமா ஒரு கைப்பிடியை முகர்ந்து பார்த்தாள். ஒரு நெருப்புக் குச்சியைப் பற்ற வைத்து அதில் காட்டினாள். புல் கருகியது, எரியவில்லை. ஆசிரியர் அதற்குப் பிறகு பஞ்சுப் பேச்சை எடுக்கவில்லை. புல்லை ஒரு வாரம் வெயிலில் பரப்பி, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே அடைத்தாள். அதற்கு வெளியே ஒரு சாண் கனத்துக்கு மரநார்ப் பலகை. இரண்டுக்கும் நடுவில் காற்றை விடாத தாள். தாளின் ஒவ்வொரு இணைப்பிலும், ஒவ்வொரு ஆணித் தலையிலும், குழாய் நுழையும் ஒவ்வொரு துளையிலும் பச்சை ஒட்டுநாடா. ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. தூக்குகிற வேலைக்கு மட்டும் ஆள் வைத்தாள். ஒட்டுகிற வேலையை யாரிடமும் விடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? துறையிலேயே பெரிய வாய் ரெஜானுக்குத்தான். தினமும் வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவான்.

"தெலிமா, வீட்டுக்கு எந்தக் கால்ல அடி? இப்படிக் கட்டுப் போடறே?"

"நாடா கொஞ்சம் மிச்சம் இருக்கு ரெஜான். உன் வாய்க்கு அளவெடுக்கட்டுமா?"

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. "மிச்ச ராப்பூர மூடி போட்ட டப்பாவுல வெக்கற மாதிரி என்னை வெக்கப் போறே. மூச்சு எங்க போய் விடறது?" என்றார். ராப்பூர் எங்கள் பண்டம். உருளைக்கிழங்கைத் துருவிக் கோழியோடு சேர்த்து வேக வைப்பது. மூடி வைத்தால் மறுநாளும் நன்றாகத்தான் இருக்கும் என்று தெலிமா சொல்லிப் பார்த்தாள். பிறகு பரணுக்குக் கூட்டிப் போய் காற்று மாற்றும் இயந்திரத்தைக் காட்டினாள். உள்ளே இருக்கும் பழைய காற்றை வெளியே அனுப்பும்போது, அதன் சூட்டை மட்டும் வாங்கி, வரும் புதுக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

"போறவன் தன் கோட்டக் கழட்டி வர்றவனுக்குக் குடுத்துட்டுப் போறான்" என்றார் யூலிஸ். "நம்ம சொந்தக்காரங்க யாருக்கும் இந்த மனசு கெடையாது."

வேலை தொடங்குமுன் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் வந்து காற்றுச் சோதனை செய்திருந்தார். வாசற்படியில் சிவப்புத் துணிக் கதவை மாட்டி, அதிலிருக்கும் பெரிய விசிறியால் வீட்டுக் காற்றை உறிஞ்சுவார். எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு வரும். அன்றைக்குத் திரைச்சீலைகள் எழுந்து நின்றன. மாடிப்படி இடுக்கிலிருந்து யாரோ எப்போதோ செருகிய செய்தித்தாள் பறந்து வந்தது. மணிக்குப் பதினாலு தடவை மொத்தக் காற்றும் மாறுகிறது என்று சொல்லி, "இது வீடு இல்லீங்க, வலை" என்றார் அவர். யூலிஸ் இதைத் துறையில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்.

அக்டோபர் கடைசியில் அதே ஆள் அதே துணிக் கதவோடு மறுபடி வந்தார். விசிறியைச் சுற்ற விட்டார். கருவியைப் பார்த்தார். குழாயைக் கழற்றி மாட்டினார். இரண்டாவது தடவை பார்த்தார். "நீங்க ஏதாவது வாசலத் தெரியாம அடைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, தானே எழுந்து போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவையும் அதே எண்தான் வந்தது. புள்ளி எட்டு. பதினாலாக இருந்தது ஒன்றுக்கும் கீழே.

தெலிமா முகத்தை ஒன்றும் நடக்காததுபோல வைத்துக்கொண்டாள். அவர் கார் மூலை திரும்பியதும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "புள்ளி எட்டு! புள்ளி எட்டு!" என்று இரண்டு காலாலும் குதித்தாள். ஐம்பத்து நாலு வயதில் குதித்ததற்கு இடுப்பு மூன்று நாள் பேசியது. அதனால் என்ன.

நவம்பர் கடைசித் திங்கட்கிழமை இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்கினார்கள். அந்த வருஷம் வீட்டுக்குப் பாவாடை கட்டவில்லை. யூலிஸ் சட்டையோடு மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். கட்டிலில் இருந்த நாலு கம்பளி மூன்றாகி, இரண்டானதைத் தெலிமா எண்ணிக்கொண்டே வந்தாள். விறகு அடுக்கு போட்டது போட்டபடி இருந்தது. ஆனால் அண்ணன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு" என்பார். கரண்டி எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பத்திரம் கண்ணில் படும். தெலிமா கரண்டியை எடுத்துக்கொண்டு சட்டென்று மூடிவிடுவாள். அவள் கட்டிய முதல் வீடு இது. அவள் வயதில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு இன்னொரு வீட்டைக் கொடுக்க யார் வரப்போகிறார்கள்? இதையும் இடித்துவிட்டால் அவள் தச்சுப் படித்ததற்கு அடையாளமே இருக்காது.

அந்த வருஷம் வடமேற்குக் காற்று தாமதமாகத்தான் வந்தது. டிசம்பர் பதினாலாம் தேதி வரை கிழக்கும் தெற்குமாகவே அடித்துக்கொண்டிருந்தது. பதினைந்தாம் தேதி மத்தியானத்துக்கு மேல்தான் காற்று ஏறும் என்று வானொலி சொன்னது.

பதினைந்தாம் தேதி காலை தெலிமா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. நின்றுவிடும் என்று நினைத்தாள். மறுபடி அடித்தது. ஆறாவது மணியில்தான் மாடியில் அண்ணன் எடுத்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார். இறங்கி வருவார் என்று அவருக்கும் ஊற்றி வைத்தாள். வரவில்லை. காப்பி ஆறியது. ஐந்து மணியானது. வீடு கோவில் மாதிரி அமைதியாக இருந்தது. காப்பித் தூளைக் கொட்ட அவள் பின் கதவைத் திறந்தாள். கதவு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. வடமேற்கு. தாராளமாக நாற்பது மைல் இருக்கும். முற்றத்தில் அவளால் நேராக நிற்க முடியவில்லை.

"அண்ணா! அண்ணா, எழுந்திரு! படகு போயிருச்சா? நீ என்ன சொன்னே?"

யூலிஸ் உள்ளாடையோடு மாடிப்படியில் உருண்டு விழாத குறையாக வந்து, அடுப்படியில் இருந்த கடல் வானொலியைப் பிடித்தார். "ரெஜான்! எவரிஸ்ட்! திரும்புங்க! முனையத் தாண்டாதீங்க! யாராவது கேக்கறீங்களா?"

வானொலி கொஞ்ச நேரம் கரகரத்தது. அப்புறம் ரெஜான் குரல் வந்தது. சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சாரம் இதுதான்: அவன் ஏற்கனவே முனையைத் தாண்டிவிட்டான்.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டுப் படகும் ஒவ்வொன்றாகத் துறைக்குத் திரும்பின. ரெஜான் படகில் ஓட்டும் அறைக் கண்ணாடி விரிசல் விட்டது. மூன்று இரைப் பெட்டிகள் கடலோடு போயின. எட்டாவது படகு திரும்பும் வரை யூலிஸ் வானொலியை விட்டு நகரவில்லை. தெலிமா அவர் தோளில் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் தன்னையே சபித்துக்கொண்ட அளவுக்கு வேறு யாரும் அவளைச் சபித்திருக்க முடியாது.

விடிந்ததும் எட்டுப் பேரும் நேராக வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பின் கதவைத் திறந்துகொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

"பூட்ஸ்!" என்றாள் தெலிமா.

எவ்வளவு கோபமாக இருந்தாலும் எட்டுப் பேரும் குனிந்து கழற்றினார்கள்.

"நாலரைக்குக் கேட்டேன்" என்று ரெஜான் ஆரம்பித்தான். காலுறையில் நின்றுகொண்டு கத்துவது சுலபமில்லை, ஆனாலும் கத்தினான். "அமைதியா இருக்கான்னு இதே வார்த்தையிலதான் கேட்டேன். இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அமைதியா இருக்கு ரெஜான்'னான்! கொஞ்சற மாதிரி சொன்னான்!"

யூலிஸ் பாத்திரத் தொட்டியோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எல்லோரிலும் மூத்தவரான எவரிஸ்ட் மட்டும் பேசவில்லை. அவர் ஜன்னலருகே போய் நின்றார். வெளியே கடல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கொடிக்கம்பம் வளைந்தது. புல் தரையோடு படுத்துக் கிடந்தது. எவரிஸ்ட் கண்ணாடியில் காதை வைத்தார். சட்டத்தின் ஓரத்தில் காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணுமே கேக்கலியே" என்றார். "ஊமப் படம் ஓடுது."

எல்லோரும் ஒரு நொடி வாயை மூடிக் கேட்டார்கள். சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. யாருடைய கோட்டிலிருந்தோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில், அத்தனை பேர் உயிரோடு விளையாடிவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே, தெலிமாவுக்கு வெட்கமில்லாமல் ஒரு பெருமை வந்தது. வந்ததை அவளால் தடுக்க முடியவில்லை.

"ஒரே ஒரு விரல் அளவு" என்றான் ரெஜான். "அந்த வடமேற்கு ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு சந்து போடு தெலிமா. பழையபடி பாடட்டும்."

"போட்டா ஈரம் உள்ள போகும் ரெஜான். அஞ்சு வருஷத்துல சுவர் அழுகிரும்."

"ஆள் அழுகறதுக்குச் சுவர் அழுகட்டும்!"

தெலிமா எவரிஸ்டைப் பார்த்தாள். அவர் மெதுவாக, "தப்பா நெனைக்காத தாயி. நல்ல வேலதான் செஞ்சிருக்கே. ஆனா எட்டுக் குடும்பம் இந்த வீட்ட நம்பிக் கடலுக்குப் போகுது" என்றார். ரெஜானின் கத்தலைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

அவள் சாமான் அறைக்குப் போய் டிரில்லை எடுத்து வந்தாள். நீளமான அலகைப் பொருத்தினாள். அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"உன் வீடு. நீ சொல்லு. சொன்னா இப்பவே மேல போய் ஓட்ட போடறேன். அதுக்கப்புறம் நீ இழுப்பறையில இருக்கறதுல கையெழுத்துப் போட்டாலும் சரி, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

யூலிஸ் தலையை நிமிர்த்தினார். தலைமயிர் கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் பதிந்திருந்தது.

"டிரில்லக் கீழ வை தெலிமா."

"யூலிஸ்..." என்று ஆரம்பித்தான் ரெஜான்.

"நீ கொஞ்சம் சும்மா இருடா. ஒரு விஷயம் கேக்கறேன். இத்தன வருஷமா ஃபோன் பண்றீங்களே, ஒரு தடவையாவது ரெண்டாவது மணி அடிச்சிருக்கா?"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருத்தனாவது ஏன்னு யோசிச்சீங்களா? ஜன்னல் பாடறது கேட்டு எனக்குக் காத்து தெரிஞ்சுதுன்னு நெனச்சீங்க. ஜன்னல் எல்லாருக்கும்தான் பாடும். தூங்கறவனுக்குக் கேக்குமா? நான் தூங்கல. அதான் எனக்குத் தெரிஞ்சுது." அவர் நிறுத்திவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பத்தொம்பது வயசுல படகு எடுத்தேன். மொத வருஷமே வடமேற்குல மாட்டிக்கிட்டேன். அன்னைலேர்ந்து காத்து முணுமுணுத்தாலே எனக்குக் கண்ணு மூடாது. பயம்."

எங்கள் துறையில் அந்த வார்த்தையை ஒரு படகுத் தலைவர் தன்னைப் பற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருவர் இருமினார். இன்னொருவர் தொப்பியைக் கழற்றி, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த ரூம்ல யாரும் என்னைப் படுக்கச் சொல்லல. நானாத்தான் போனேன். தெரியாம படுத்துக் கெடக்கறதுக்கு, கேட்டுக்கிட்டே கெடக்கறது தேவலேன்னு. இருபதா, முப்பதா, நாளைக்குப் போகணுமா... இதே வேல. நாப்பத்தோரு வருஷம். உங்களுக்கு நான் காத்துல பெரிய ஆளு. என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும்."

தெலிமாவுக்குத் தெரியாது. அவர் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் படுத்திருந்தும் தெரியாது.

"நேத்து ஒம்போது மணிக்குப் படுத்தேன்" என்றார் யூலிஸ். "அப்புறம் ஃபோன்தான். நடுவுல ஒண்ணுமே இல்ல. வெளிய நாப்பது மைல் அடிச்சிருக்கு, எனக்கு ஒண்ணுமே இல்ல. அமைதியா இருக்கான்னு கேட்டே ரெஜான். நான் வீட்டக் கேட்டுப் பதில் சொல்லல. என்னைத்தான் கேட்டுச் சொல்லியிருக்கேன்."

யூலிஸ் நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"தப்புதான். உன் கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நான் பொறுப்பு. காத்து அளக்கற கருவி இருக்கு. நாளைக்கே ஒண்ணு வாங்கிட்டு வரேன், தெலிமா அந்தக் கொடிக்கம்பத்துல மாட்டுவா. அவங்கவங்க ஃபோன்ல அவங்கவங்க பாத்துக்கலாம். அதுவரைக்கும் என்னைக் கேக்காதீங்க. இந்த வீட்டுல ஓட்ட போட நான் விடமாட்டேன்." பிறகு தெலிமாவைப் பார்த்தார். "அந்த தொரொண்டோக்காரங்களுக்கு இன்னைக்கே சொல்லிடறேன். வீட்ல ஆள் இருக்குன்னு."

தெலிமாவுக்கு அலகைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் பெட்டி தெரியவில்லை. ரெஜான்தான் அவள் கையிலிருந்து டிரில்லை வாங்கி, பெட்டியைத் தேடி வைத்தான். வைத்துவிட்டு நிமிராமலே, "எங்க வீட்டு மாடியும் இந்த வீடு முன்னால இருந்த மாதிரிதான்" என்றான். அந்தப் பெரிய வாயிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். "எனக்கும் தூக்கம் ஒண்ணும் பெருசா கெடையாது. எப்ப வந்து பாக்கறே?"

"மொதல்ல எனக்கு" என்றார் எவரிஸ்ட். "நான் வயசுல மூத்தவன்."

"வரிசையில வாங்க" என்றாள் தெலிமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஏப்ரலுக்கு முன்னால யாருக்கும் கெடையாது."

யூலிஸ் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இன்னைக்குக் கடல் இல்ல. நான் போய்ப் படுக்கறேன்" என்றார். காலை எட்டு மணி. எட்டு ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார். மேலே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

"சரி, அப்ப நாம..." என்று ரெஜான் வழக்கமான குரலில் ஆரம்பித்தான்.

"ஷ்!" என்று ஏழு பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெலிமா சொல்லக் கேட்டவர்கள் நம்புவதில்லை. துறையில் நின்று பேசினால் அக்கரை வரை கேட்கும் ஆட்கள் அவர்கள். நாற்காலிகளைத் தரையில் இழுக்காமல் தூக்கி வைத்தார்கள். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, ஒருவர் பின் ஒருவராகப் பின் கதவுக்குப் போனார்கள். எவரிஸ்ட் அவள் தோளைத் தட்டிவிட்டு வெறும் உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். கடைசியாகப் போன ரெஜான், காற்று பிடுங்கிவிடாமல் கதவை இரண்டு கையாலும் நெஞ்சாலும் தாங்கிப் பிடித்து, சத்தமே வராமல் சாத்தினான்.

ஜன்னல் வழியாகத் தெலிமா பார்த்தாள். எட்டுப் பேரும் முற்றத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, தொப்பிகள் பறக்க, பூட்ஸை மாட்டத் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கடல் அதம் பண்ணிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கேட்டது ஒரே ஒரு சத்தம்தான். மாடியில், வடமேற்கு அறையில், அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.